வெப்பநிறுத்தியும் அதன் மின்னிணைப்பும்

எமது நாட்டு வீட்டின் வெப்பநிலையை முற்றமும் தாழ்வாரமும் வேப்பமர நிழலும் கவனித்துக்கொள்கின்றன. சன்னலைத் திறத்தலும் மூடுதலுமே நாம் அறிந்த சீராக்கம். கனடா போன்ற குளிர்நாடுகளில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு மாரிகாலத்தில் வீட்டின் உலை ஓர் இரவு முழுவதும் அணைந்திருப்பின், நீர்க்குழாய்கள் உறைந்து வெடித்தலும் கூடும். 1983 ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் ரொறன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறி வாழ்கின்றனர். அவருள் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரும் பலர். அவர்தம் வீட்டுச் சுவரிற் கையளவிலே காணப்படும் ஒரு சிறு கருவி, உலைக்கும் குளிராக்கிக்கும் ஆணையிடுகின்றது. தேர்மோஸ்ரற் என்று வழக்கிற் கூறப்படும் அதனையே இக்கட்டுரையில் வெப்பநிறுத்தி என்கின்றோம். அதன் இயல்பையும், அதனைப் பொருத்தும் முறையையும், பொருத்துங்கால் நேரக்கூடிய கேடுகளையும் ஈண்டு விளக்க முற்படுவோம்.

வெப்பநிறுத்தி என்னும் கருத்து புதியதன்று. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒல்லாந்தராகிய கொர்னேலிஸ் ட்ரெபல், அடைகாக்கும் உலையொன்றின் வெப்பத்தைத் தானாகவே சீர்செய்யும் அமைப்பொன்றை ஆக்கினார். 1830 இல் ஸ்கொத்லாந்து இரசாயன அறிஞர் அன்ட்ரு யூர், இரு உலோகங்களை ஒட்டி ஆக்கிய சட்டத்தைக்கொண்டு இயங்கும் கருவியொன்றிற்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் மின்னால் இயங்கும் அறைக்கருவியை உலகுக்கு அளித்தவர் ஓர் ஆசிரியர் என்பது எமக்குச் சிறப்பாக மகிழ்ச்சி தருவதாகும். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஆசிரிய கலாசாலையொன்றிற் கற்பித்த வொரன் ஜோன்சன் என்பார், உலையைக் கவனிக்கும் பணியாளர் அறைதோறும் வந்து வெப்பமானியைப் பார்த்துச் செல்வதால் வகுப்புக்குத் தடை நேர்வதைக் கண்டு, அறையின் நிலையை நிலவறையில் உள்ளவருக்கு மின்குறியால் அறிவிக்கும் ஒழுங்கொன்றை வகுத்தார். 1883 இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். பாடத்தின் நடுவே கதவு திறக்கப்படுவதை வெறுக்கும் ஆசிரியர் எவரும் அவரை நன்றியுடன் நினைப்பர்.

ஈருலோகச் சட்டத்தின் தத்துவத்தை எமது மாணவர் பௌதிகவியல் வகுப்பிற் கற்றிருப்பர். பித்தளை ஒரு பாகை சதமவளவைக்குத் தன் நீளத்தின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 19 பங்கு விரியும். 1896 இல் கில்லோம் கண்டறிந்த இன்வார் என்னும் நிக்கல் உருக்கோ ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே விரியும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துச் சூடாக்கின், அதிகம் விரியும் பித்தளை வெளிப்புறமாக அமையுமாறு சட்டம் வளையும். சட்டத்தைச் சுருளாக்கினால் அவ்வளைவு சிறு சுழற்சியாக வெளிப்படும். சுருளின் நுனியில் இரசம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழொன்றை வைத்தால், குமிழ் சாயும்போது இரசம் ஒரு பக்கம் ஓடி இரு கம்பிமுனைகளையும் இணைக்கும். 1953 இல் வெளிவந்து, ஹென்றி ட்ரெய்பஸ் என்னும் வடிவமைப்பாளரின் பெயரோடு புகழ்பெற்ற ஹனிவெல் நிறுவனத்தின் வட்டக்கருவி இவ்வகையினது. இன்று விற்கப்படும் கருவிகளில் இரசமும் சுருளும் இல்லை. வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் சிறு மணியொன்றும், அதனை அளக்கும் இலத்திரன் சுற்றும், சிறிய அஞ்சலிகளுமே அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. எவ்வகையாயினும் செயல் ஒன்றே: வெப்பநிறுத்தி ஓர் ஆளி. அது தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கூறுவதோடு அதன் கடமை முடிகின்றது.

இவ்வுண்மையை உணராதார், வீடு குளிர்ந்திருக்கையில் குறித்த வெப்பநிலையை 30 பாகைக்கு உயர்த்தின் வீடு விரைவாகச் சூடாகும் என எண்ணுவர். சாதாரண உலை எரிவது ஒரே அளவிலேயாம். 21 பாகைக்கு வைப்பினும் 30 பாகைக்கு வைப்பினும் அது 21 பாகையை அடைய எடுக்கும் நேரம் ஒன்றே. பின்னது, மறதியால் வீட்டை வேகவைத்து, எரிவாயுக் கட்டணத்தையும் ஏற்றிவிடும்.

இனி மின்னழுத்தத்தைப் பற்றிக் கூறுவோம். வட அமெரிக்க வீடுகளில் உலையின் விசிறிக்கு 120 உவோற்றும், வெளியே நிற்கும் குளிராக்கியின் அமுக்கிக்கு 240 உவோற்றும் வழங்கப்படுகின்றன. இவ்வோட்டத்தை நேரே சுவரிலுள்ள மெல்லிய கருவியினூடாகச் செலுத்துதல் தகாது. அதனால் உலையினுள்ளே ஒரு சிறு நிலைமாற்றி, 120 உவோற்றை 24 உவோற்று ஆடலோட்டமாகக் குறைக்கின்றது. அதன் வலு பெரும்பாலும் 40 உவோற்று-அம்பியர். ஆகவே அது தரக்கூடிய மிகக் கூடிய ஓட்டம் 40 ஐ 24 ஆல் வகுக்க வரும் 1.67 அம்பியர். 24 உவோற்றைக் கைதொட்டால் உயிருக்கு ஊறு நேராது. கம்பியும் தடித்ததாக வேண்டியதில்லை. 18 ஆம் இலக்கச் செப்புக்கம்பி போதுமானது. அக்கம்பியின் தடை 1000 அடிக்கு ஏறத்தாழ 6.4 ஓம். உலையிலிருந்து கருவி 50 அடி தொலைவில் இருப்பின், போய்வரும் 100 அடிக்குத் தடை 0.64 ஓம். எரிவாயு வால்வு 0.4 அம்பியர் கொள்ளுமாயின் இழக்கப்படும் அழுத்தம் கால் உவோற்று மட்டுமே. பெரிய ஓட்டங்களைத் திறந்து மூடும் பொறுப்பு உலையினுள்ளும் குளிராக்கியினுள்ளும் உள்ள அஞ்சலிகளைச் சாரும்.

ஆனால் எல்லா வீட்டுக் கருவியும் 24 உவோற்றுக் கருவி அன்று என்பதை அழுத்திக் கூறுதல் வேண்டும். அடிச்சுவரோரமாக நீண்ட மின்சூடாக்கிகள் பொருத்தப்பட்ட தொடர்மாடி வீடுகளிற் பலவற்றில், சுவர்க்கருவியினூடாக 240 உவோற்றே ஓடுகின்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருக்கக்கூடும். மூடியைக் கழற்றியதும் தடித்த கம்பிகள் இரண்டோ நான்கோ திருகுமூடிகளால் முடிச்சிடப்பட்டுக் காணப்படின், அல்லது கருவியின் முதுகில் 120 அல்லது 240 என்று பொறிக்கப்பட்டிருப்பின், அங்கேயே நிறுத்துக. 24 உவோற்றுக்கான புதிய கருவியை அதனோடு இணைத்தால் கருவி எரியும், வீடும் எரியலாம், இணைத்தவர் உயிருக்கும் உறுதியில்லை. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய கருவியை ஆராயாது பொருத்த முனைவோருக்கு இஃது ஒன்றே கூறவேண்டிய முதன்மையான எச்சரிக்கை.

24 உவோற்றுக் கருவியில் மெல்லிய கம்பிகள் நான்கு, ஐந்து, சிலவேளை எட்டும் இருக்கும். அவை பொருந்தும் முடிவிடங்கள் ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்படும். ஆர் என்பது நிலைமாற்றியிலிருந்து வரும் ஊட்டும் கம்பி, வழக்கமாகச் சிவப்பு. டபிள்யூ என்பது சூடாக்கலுக்கு, வெள்ளை. வை என்பது குளிராக்கலுக்கு, மஞ்சள். ஜீ என்பது விசிறிக்கு, பச்சை. சீ என்பது நிலைமாற்றியின் மறுமுனைக்குத் திரும்பும் பொதுக்கம்பி. இதற்குப் பலர் நீலத்தைப் பயன்படுத்துவர். வீடு குளிர்ந்தால் கருவி ஆரையும் டபிள்யூவையும் இணைக்கின்றது. அச்செய்தி உலையை அடைந்ததும், புகைபோக்கி விசிறி, தீமூட்டி, எரிவாயு வால்வு என்பன முறையே இயங்கி, வெப்பமேறிய பின்னரே பெரிய விசிறி சுழலத் தொடங்கும். கோடையிலோ ஆரை வையோடும் ஜீயோடும் ஒருங்கே இணைத்து, அமுக்கியையும் விசிறியையும் அழைக்கின்றது. சில கருவிகளில் ஆர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சூடாக்கலுக்கும் மற்றொன்று குளிராக்கலுக்கும் என நிற்கும். நிலைமாற்றி ஒன்றே உள்ள வீட்டில் அவ்விரண்டையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்தல் வேண்டும். இரு நிலைமாற்றிகள் உளவாயின் அத்துண்டை அகற்றுதல் வேண்டும்.

நிறத்தை நம்புதல் பெருந்தவறு. முன்னர் வேலைசெய்தவர் கையிற் கிடைத்த கம்பியை இணைத்திருப்பார். எனவே பழைய கருவியை அகற்றுமுன் கம்பி எந்த எழுத்தில் நின்றது என்பதை ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் எழுதிக் கட்டுக. ஒரு நிழற்படமும் எடுத்து வைக்க. எழுத்தே சான்று, நிறம் அன்று.

வேலையைத் தொடங்குமுன் உலையின் பக்கத்திலுள்ள ஆளியையும், மின்பலகையில் உலைக்கும் குளிராக்கிக்கும் உரிய சுற்றுடைப்பான்களையும் நிறுத்துக. 24 உவோற்றுத்தானே எனச் சோம்பி நிறுத்தாதார், ஆர்க்கம்பியின் முனையைச் சீக்கம்பியோடு கணப்பொழுது தொடவிட்டு, உலையின் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள 3 அல்லது 5 அம்பியர் உருகியை எரித்துவிடுவர். உருகியில்லாத பழைய உலையாயின் நிலைமாற்றியே கருகும். சனிக்கிழமை மாலை, வெளியே உறைபனி, கடையும் பூட்டு என்னும் வேளையில் இது நேர்ந்தால் அன்றிரவு வீட்டார் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. நிறுத்திய பின் உவோற்றுமானியை ஆருக்கும் சீக்கும் இடையில் வைத்துச் சுழியம் காட்டுவதை உறுதிசெய்க.

பழைய தட்டைக் கழற்றியதும் கம்பிக்கட்டைப் பென்சிலொன்றிற் சுற்றி வைப்பது நன்று. இல்லையேல் அது சுவரினுள் வழுக்கி வீழ்ந்துவிடும். புதிய தட்டைத் திருகாணியால் இறுக்கி, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் காவலுறையை உரித்து, உரிய எழுத்தினுட் செருகி, மெல்ல இழுத்துப் பார்க்க. வெற்றுச் செப்பு வெளியே தெரிதல் ஆகாது. கம்பி வரும் துளையைப் பஞ்சாலோ பசையாலோ அடைத்தல் இன்றியமையாதது. பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. சுவரிடையே நிலவும் குளிர்காற்று துளையினூடாகக் கருவியின் முதுகிற் படின், அறை சூடாயிருந்தும் கருவி குளிர் என்றே உணர்ந்து உலையை ஓயாது எரியவிடும். கருவியின் இடமும் இதே காரணத்தால் முக்கியம் பெறுகின்றது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில், உட்சுவரில், வெயிலும் விளக்கின் சூடும் சூடான காற்று வரும் வாயிலும் அணுகாத இடத்தில் அது இருத்தல் வேண்டும்.

சீக்கம்பியைப் பற்றிய சிக்கல் அண்மைக் காலத்தது. இரசக்குமிழ்க் கருவிக்குத் தனக்கென மின் வேண்டியதில்லை. ஆகவே பழைய வீடுகளில் உலையிலிருந்து சீ என்னும் கம்பி கொண்டுவரப்படவில்லை. இணையத்தோடு தொடர்புகொள்ளும் இன்றைய கருவியோ ஓயாது மின் கோருவது. சீ இல்லாவிடத்து அது டபிள்யூ அல்லது வை வழியாகச் சிற்றளவு ஓட்டத்தைக் களவாகப் பெற்றுத் தன் மின்கலத்தை நிரப்ப முயலும். அவ்வோட்டமும் உலையின் அஞ்சலிச் சுருளினூடாகவே செல்லுதலால், சில உலைகளில் அஞ்சலி நடுங்கி ஒலிக்கும். சிலவற்றில் வேண்டாத வேளையில் உலை விழிக்கும். சுவரினுள் கம்பிக்கட்டில் பயன்படாத கம்பி ஒன்று சுருண்டு கிடக்கின்றதா என முதலிற் பார்க்க. பெரும்பாலும் இருக்கும். அதனைக் கருவியின் சீயிலும், உலைப்பலகையின் சீயிலும் இணைப்பின் சிக்கல் தீரும். இல்லையேல் புதிய கம்பிக்கட்டு இழுத்தலே நேர்வழி.

பழைய கருவிகளில் முன்னுணர்த்தி என்னும் நுட்பமொன்று உண்டு. உலை அணைந்த பின்னரும் அதன் உலோகத்திலும் காற்றுக்குழாய்களிலும் எஞ்சிய வெப்பம் அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். கருவி சரியாக 21 பாகையில் நிறுத்தின், அறை அதற்கு மேலும் சூடேறும். இதனைத் தவிர்க்கச் சுருளின் அருகே ஒரு சிறு தடைக்கம்பியை வைத்தனர். உலை எரியும்போது அதனூடாக ஓட்டம் பாய்ந்து, அது சூடாகி, அறை சூடாகுமுன்னரே சூடாகிவிட்டது எனக் கருவியை மயக்கும். எரிவாயு வால்வின் ஓட்டம் 0.4 அம்பியர் ஆயின் முன்னுணர்த்தியின் முள்ளையும் 0.4 இல் நிறுத்துதல் முறை. முள்ளைக் கூடிய எண்ணுக்கு நகர்த்தின் தடை குறைந்து, உலை நீண்டநேரம் எரியும்; குறைந்த எண்ணுக்கு நகர்த்தின் அடிக்கடி எரிந்தணையும். இன்றைய கருவிகள் இவ்வேலையைக் கணிப்பினாற் செய்கின்றன.

வெப்பவேற்றி உள்ள வீடுகளில் மேலும் ஒரு கம்பி உண்டு. வாயு பாயும் திசையை மாற்றும் வால்வுக்கு அது செல்லும். பெரும்பாலான பொறிகளில் குளிராக்கும்போது அவ்வால்வுக்கு மின் தேவை. அக்கம்பி ஓ என்னும் முடிவிடத்துக்கு உரியது. சிலவற்றிற் சூடாக்கும்போது தேவை. அது பீ என்பதற்கு உரியது. இதனைத் தலைகீழாக அமைப்பின் கோடையிற் சூடும் மாரியிற் குளிரும் வீசும். பொறியோடு வந்த வரைபடத்தைப் பாராமல் இதனை ஊகித்தல் ஆகாது.

இணைப்பு முடிந்ததும் மின்னைத் திருப்பி, முதலில் விசிறியையும், பின் சூடாக்கலையும் சோதிக்க. குளிராக்கலை வெளியே 15 பாகைக்குக் குறைந்த குளிருள்ளபோது சோதித்தல் அமுக்கிக்குத் தீங்கு. அமுக்கி ஒருமுறை நின்றபின் உடனே மீளத் தொடங்காது. கருவி ஏறத்தாழ 5 நிமிடம் காத்திருக்கும். அமுக்கியினுள் அழுத்தம் சமனாவதற்காக அமைந்த காவல் அது. பழுது என்று எண்ணிக் கம்பிகளை மறுபடியும் கழற்றுதல் வேண்டா. எரிவாயுக் குழாயிலோ வால்விலோ கைவைப்பது உரிமம் பெற்றவருக்கே உரியது.

கழற்றிய பழைய கருவியினுட் கண்ணாடிக் குமிழ் காணப்படின் அதனைக் குப்பையில் இடலாகாது. ஒரு குமிழில் ஏறத்தாழ 3 கிராம் இரசம் உண்டு. குமிழ் உடையாதவாறு பொதிந்து, நகரசபையின் நச்சுக்கழிவு ஏற்கும் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.