கவருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அந்தப் பணம் எங்க இருந்துச்சு?

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி, எழுத்து வடிவில் கொடுத்திருக்கிறோம்.)

பிரிட்டன் அரசியலைப் பத்தி நாம பேசினதுக்கு அப்புறம் உங்கள்ல பல பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "ஒரு பிரதமர் யாரோ வாங்கிக் கொடுத்த சூட்டும் மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கிட்டாருன்னு அங்க அவ்வளவு கூச்சல் போட்டாங்களே, நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரு மேட்டரா?"

மேட்டர்தான். ஆனா நாம வேற இடத்துல நின்னு பார்த்துக்கிட்டிருக்கோம்னு எனக்குத் தோணுது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல அந்த சூட் கதையை முடிச்சுடலாம். 2024ல கியர் ஸ்டார்மர் பிரதமரான கொஞ்ச நாள்லயே, அவரோட கட்சிக்காரரும் பிரபுக்கள் சபை உறுப்பினருமான வஹீத் அல்லி அவருக்குத் துணிமணி, கண்ணாடி எல்லாம் வாங்கிக் கொடுத்தது பெரிய சர்ச்சை ஆச்சு. கடைசியில 6,000 பவுண்டுக்கு மேல மதிப்புள்ள பரிசுகளுக்கான பணத்தை ஸ்டார்மர் திருப்பிக் கட்டினார்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. யாரும் ஒளிஞ்சிருந்து வீடியோ எடுத்து இதைக் கண்டுபிடிக்கலை. அங்க ஒரு எம்.பி. தன் பதவி சம்பந்தமா 300 பவுண்டுக்கு மேல, அதாவது ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல, எந்தப் பரிசு வாங்கினாலும் 28 நாளுக்குள்ள நாடாளுமன்றப் பதிவேட்டுல எழுதணும். யார் கொடுத்தாங்க, என்ன மதிப்புன்னு யார் வேணும்னாலும் இணையத்துல படிக்கலாம். சர்ச்சை கிளம்பினதுக்கு முக்கியமான காரணமே அந்தப் பதிவேடுதான்.

அதுக்காக பிரிட்டன் ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரலை. 1994ல நாடாளுமன்றத்துல கேள்வி கேக்குறதுக்கே எம்.பி.க்கள் காசு வாங்கினாங்கன்னு நாறிப்போன பிறகுதான் அங்க விதிகள் இறுகுச்சு. 2021ல ஓவன் பேட்டர்சன்னு ஒரு எம்.பி., தனக்குச் சம்பளம் கொடுத்த ரெண்டு கம்பெனிகளுக்காக அரசு அதிகாரிகள்கிட்ட பேசினது விதிமீறல்னு முடிவாகி, பதவியை விட்டே போனார். 2014ல வந்த லாபியிங் சட்டம், வெளியில இருந்து கூலிக்குப் பேசுற ஆலோசனை நிறுவனங்களைத்தான் பதிவு பண்ணச் சொல்லுது. கம்பெனி தன் சொந்த ஊழியரை அனுப்பிப் பேசினா அந்தப் பதிவேட்டுல வராது. ஓட்டைகள் இருக்கு. ஆனா கேள்வி சரியான இடத்துல நிக்குது: அரசியல்வாதிக்கு யார் கொடுத்தா?

நம்ம ஊர்ல நாம கேக்குற கேள்வி வேற: அரசியல்வாதி யாருக்குக் கொடுத்தார்?

தஞ்சாவூர், 2016

எனக்குச் சொந்த ஊர் பூதலூர். தஞ்சாவூர்–திருச்சி ரயில் பாதையில வர்ற ஊர், கல்லணைக்குப் பக்கம். எங்க ஊர் திருவையாறு தொகுதியில இருக்கு. 2016 மே 16ஆம் தேதி நாங்க வரிசையில நின்னு ஓட்டு போட்டோம். பக்கத்துலயே இருக்கிற தஞ்சாவூர் தொகுதிக்காரங்க போடலை. போட விடலை.

தமிழ்நாட்டுல 234 தொகுதி. அன்னைக்கு ஓட்டுப்பதிவு நடந்தது 232ல மட்டும். தஞ்சாவூர்லயும் கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியிலயும் வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் பெரிய அளவுல போயிருக்குன்னு சொல்லி, தேர்தல் ஆணையம் ஓட்டுப்பதிவைத் தள்ளி வெச்சது. முதல்ல மே 23ன்னாங்க. அப்புறம் ஜூன் 13ன்னாங்க. கடைசியில மே 28ஆம் தேதி, தேர்தல் அறிவிக்கையையே ரத்து பண்ணிட்டாங்க. பணப்பட்டுவாடாவுக்காக ஒரு சட்டமன்றத் தொகுதியோட தேர்தல் ரத்தானது இந்தியாவுல அதுதான் முதல் தடவை.

மறுபடி தேர்தல் நடந்தது நவம்பர் 19ல. நடுவுல ஆறு மாசம் அந்த ரெண்டு தொகுதிக்கும் எம்.எல்.ஏ. கிடையாது. சரி, ஆறு மாசம் கழிச்சு யார் நின்னாங்க? ரெண்டு பெரிய கட்சியும் அதே வேட்பாளர்களையே மறுபடி நிறுத்தினாங்க. சட்டத்துல அதுக்குத் தடையே இல்லை. ஆக, தண்டனைன்னு ஒண்ணு நடந்திருந்தா அது வாக்காளருக்குத்தான் நடந்திருக்கு.

அதோட நிக்கலை. 2017 ஏப்ரல்ல சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தாச்சு. 2019ல வேலூர் மக்களவைத் தேர்தல், ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரத்தாச்சு. ஆர்.கே.நகர்ல டிசம்பர்லயும், வேலூர்ல ஆகஸ்ட்லயும் தேர்தல் நடந்துச்சு.

இதுல சட்டச் சிக்கலும் இருக்கு. வாக்குச்சாவடியைக் கைப்பத்தினா தேர்தலை ரத்து பண்ண மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு, 58ஏ. பணம் கொடுத்தா ரத்து பண்ண அப்படி ஒரு பிரிவு இல்லை. அரசியலமைப்பின் 324ஆவது பிரிவு தர்ற பொது அதிகாரத்தை வெச்சுத்தான் ஆணையம் 2016ல சமாளிச்சது. பணத்துக்கும் தனிப் பிரிவு வேணும்னு ஆணையமே கேட்டுப் பார்த்தது.

வலை எங்க விரிக்கிறாங்க?

ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறதும் குற்றம், வாங்குறதும் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை, இல்லைன்னா அபராதம், இல்லைன்னா ரெண்டும். ஜெயிச்சவரோட வெற்றியைச் செல்லாம ஆக்கணும்னா 45 நாளுக்குள்ள உயர் நீதிமன்றத்துல வழக்கு போட்டு, பணம் வேட்பாளருக்கோ அவரோட ஏஜென்டுக்கோ தெரிஞ்சுதான் போச்சுன்னு நிரூபிக்கணும். தெருமுனையில கவர் கொடுத்த பையனுக்கும் வேட்பாளருக்கும் நடுவுல எத்தனை கை இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அதனால நடைமுறையில வலை விழுறது ரோட்டுல. தேர்தல் நேரத்துல 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கம் கொண்டு போனா கணக்கு காட்டணும். இல்லைன்னா பறக்கும் படை பிடிச்சு வெச்சுக்கும்.

ஒரு தேர்தல் சமயத்துல என் சித்தப்பா மாடு வாங்க எழுபதாயிரம் ரூபாயோட கிளம்பினார். மாட்டு வியாபாரத்துல ரசீது ஏது? செக்போஸ்ட்ல பணத்தை எடுத்துக்கிட்டாங்க. திரும்ப வாங்க நாலு நாள் அலைஞ்சார். "என்ன சித்தப்பா இப்படி ஆயிடுச்சு?"ன்னு கேட்டேன்.

"விடு தம்பி. என் காசுக்கு என்கிட்ட ரசீது கேட்டாங்க. ராத்திரி வாசல்ல வந்து நீட்டுறான் பாரு, அவன்கிட்ட யாரு ரசீது கேக்குறா?"

செக்போஸ்ட்டே வேணாம்னு நான் சொல்லலை. அங்க பெரிய தொகைகளும் மாட்டத்தான் செய்யுது. ஆனா சித்தப்பா கேட்டதுல இன்னொரு படி மேல போகணும். வாசல்ல நீட்டுறவனுக்கு யார் கொடுத்தா? அவருக்கு யார் கொடுத்தா?

டெல்டாக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா எங்க ஊர்ல யாரும் கடைசி வாய்க்காலை மட்டும் எட்டிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போக மாட்டாங்க. மேட்டூர்ல எத்தனை கன அடி திறந்தாங்க, கல்லணையில இருந்து காவிரியில எவ்வளவு, வெண்ணாத்துல எவ்வளவுன்னு கேப்பாங்க. அந்தக் கணக்கு தினமும் பேப்பர்ல வரும். டீக்கடையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தேர்தல் பணத்துல மட்டும் நாம கடைமடையிலயே நின்னுட்டோம்.

தலைமடையில என்ன நடந்துச்சு?

2018 ஜனவரியில தேர்தல் பத்திரத் திட்டம் வந்துச்சு. ஒரு கம்பெனி ஸ்டேட் பேங்க்ல பத்திரம் வாங்கி, பிடிச்ச கட்சிக்குக் கொடுக்கலாம். யார் கொடுத்தாங்கன்னு மக்களுக்குத் தெரியாது. அதுக்கு முந்தின வருஷமே, கம்பெனிகள் லாபத்துல 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம்ங்கிற வரம்பையும் எடுத்துட்டாங்க. ஆக, நஷ்டத்துல ஓடுற கம்பெனிகூடக் கொடுக்கலாம்.

2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மொத்தத் திட்டத்தையும் ரத்து பண்ணுச்சு. கட்சிக்குப் பணம் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிறது வாக்காளரோட உரிமைன்னு சொல்லுச்சு. மார்ச்ல பட்டியல் வெளியே வந்தப்போ முதல் இடத்துல இருந்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம். தமிழ்நாட்டுல லாட்டரிக்கு 2003லேயே தடை. அந்தக் கம்பெனிகிட்ட இருந்து மட்டும் தி.மு.க.வுக்கு வந்தது 509 கோடி. நாடு முழுக்கப் பார்த்தா பத்திரத்துல அதிகம் வாங்கினது பா.ஜ.க.

கொடுத்ததும் வாங்கினதும் அன்னைக்குச் சட்டப்படி சரிதான். 509 கோடியும் ஓட்டுக்குப் பணமாப் போச்சுன்னும் நான் சொல்லலை. நான் கேக்குறது வேற: இவ்வளவு பெரிய ஷட்டர் திறந்திருந்தது அத்தனை வருஷம் நமக்குத் தெரியவே இல்லையே?

இப்போ பத்திரம் இல்லை. ஆனா ஒருத்தர் ஒரு வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தாத்தான் அவரோட பேரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்லணும். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. பிரிட்டன்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொதுத்தேர்தல் சமயத்துல வாரா வாரம். அங்க ஓட்டு போடுறதுக்கு முன்னாடியே தெரியுது. இங்க ஓட்டெல்லாம் எண்ணி, மந்திரிசபை அமைஞ்ச பிறகு தெரியுது.

இன்னொரு ஓட்டை. சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு தமிழ்நாட்டுல 40 லட்சம். கட்சி பொதுவா பண்ற பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது.

லாபியிங்? அதுக்கு இந்தியாவுல சட்டமே இல்லை. ஒரு மந்திரியைப் போய்ப் பார்த்த கம்பெனி எது, எதுக்காகப் பார்த்துச்சுன்னு தேடிப் படிக்க ஒரு பதிவேடு கிடையாது. மாநிலங்களவையில உறுப்பினர்களோட தொழில் நலன்களை எழுதி வைக்க ஒரு பதிவேடு இருக்கு. மக்களவையில அதுவும் இல்லை. இத்தனைக்கும் 2005ல, கேள்வி கேக்கக் காசு வாங்கினதா கேமராவுல மாட்டி 11 எம்.பி.க்கள் ஒரே நாள்ல பதவி போனாங்க. அதுல 10 பேர் மக்களவை.

நாம என்ன பண்ணலாம்?

"எல்லாரும் வாங்குறாங்க, நாம வாங்கலைன்னா மட்டும் மாறிடுமா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஊர்ல பல பேர் அதை லஞ்சமாவே பார்க்கலை, நம்மகிட்ட எடுத்ததுல கொஞ்சம் திரும்ப வருதுன்னு நினைக்கிறாங்க. இதுக்கு அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆனா கணக்கு கேக்கலாம்.

ஒண்ணு: வேட்பாளரோட சொத்து, கடன், வழக்கு எல்லாம் பிரமாணப் பத்திரத்துல இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்துல இறக்கிப் படிங்க. ரெண்டாவது தடவை நிக்கிறவரா இருந்தா, பழைய பத்திரத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ரெண்டு: கட்சிகளோட நன்கொடை அறிக்கையும் அதே தளத்துல இருக்கு. உங்க ஊர்ல டெண்டர் எடுக்கிற கம்பெனி பேர் அதுல வருதான்னு தேடுங்க. வந்தா அது குற்றம்னு அர்த்தமில்லை. கேள்வி கேக்க ஒரு இடம் கிடைச்சுதுன்னு அர்த்தம்.

மூணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது: தேர்தல் முடிவு வந்த 30 நாளுக்குள்ள ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரிகிட்ட, அதாவது கலெக்டர்கிட்ட, கொடுத்தாகணும். 1961ஆம் வருஷத் தேர்தல் நடத்தை விதிகளோட 88ஆவது விதிப்படி யார் வேணும்னாலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். வேட்பாளரா இருக்கணும்னு இல்லை, கட்சிக்காரரா இருக்கணும்னு இல்லை. கட்டணம் ஒரு ரூபாய்.

உங்க தெருவுல எத்தனை நாள் பந்தல் போட்டாங்க, எத்தனை வண்டி ஓடுச்சு, எத்தனை பேருக்குப் பிரியாணி போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். கணக்குல என்ன எழுதியிருக்காங்கன்னு போய்ப் பாருங்க. தனியா போகக் கூச்சமா இருந்தா நாலு பேராப் போங்க. பார்த்துட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த தேர்தல் முடிஞ்சதும், வர்ற கடிதங்களை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம்.