பள்ளிவாசலில் இருந்து வந்த சொட்டு மருந்து அழைப்பு
உ.பி.யில் போலியோவை விரட்ட உதவிய உலமாக்கள்

புது தில்லி: போலியோ ஒழிப்பில் இந்தியாவுக்கு மிகப் பெரிய சவாலாக இருந்த மாநிலம் உத்தரப் பிரதேசம். 2002-ம் ஆண்டில் நாடு முழுவதும் 1,600 பேரைப் போலியோ தாக்கியது. அவர்களில் 1,200-க்கும் மேற்பட்டோர் அம்மாநிலத்தினர். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான முஸ்லிம்கள், பாதிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேல் இருந்தனர்.

மருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், மொராதாபாத் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் பலர் கதவைத் திறக்க மறுத்தனர். சொட்டு மருந்து குழந்தைகளைப் பிற்காலத்தில் மலடாக்கிவிடும் என்ற வதந்தியே காரணம்.

நெருக்கடி நிலையின் நிழல்

இந்த அச்சம் திடீரென முளைத்ததல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டாயக் கருத்தடையை எதிர்த்து முசாஃபர்நகரில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச்சூடும் நடத்தப்பட்டது. அடுத்து வந்த 1977 தேர்தலில் அம்மாநிலத்தின் 85 மக்களவைத் தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. ஆட்சி மாறியது, அச்சம் அகலவில்லை.

குடிநீர், சாக்கடை, மருத்துவர் என எதையும் தராத அரசு, சொட்டு மருந்தை மட்டும் ஏன் வீடு தேடி வந்து தருகிறது என்ற கேள்வியும் எழுந்தது. அது நியாயமான கேள்வியே.

நம்பிக்கைக்குரிய குரல்

பதில் சொல்ல அதிகாரிகளால் இயலவில்லை. எனவே, யுனிசெஃப் அமைப்புடன் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை கைகோத்தன. 2007-ல் உலமாக்கள் குழு ஒன்றை ரோட்டரி சங்கம் அமைத்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் இமாம்கள் சொட்டு மருந்து குறித்துப் பேசினர். முகாம் நாளன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் பெற்றோரை அழைத்தன. உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்றனர்.

அழைப்பு மட்டுமே நோயை ஒழித்துவிடவில்லை. சுகாதாரக் கேடு மிகுந்த பகுதிகளில் பலமுறை மருந்து பெற்ற குழந்தைகளையும் போலியோ தாக்கியது. அதனால் 2005-லும் 2010-லும் கூடுதல் பலன் தரும் புதிய சொட்டு மருந்துகள் வந்தன. 2009-ல் உத்தரப் பிரதேசம், பிகாரில் 107 வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, துப்புரவு, வயிற்றுப்போக்குத் தடுப்பு, வழக்கமான தடுப்பூசிகள் ஆகியவற்றுக்கும் முக்கியத்துவம் தரப்பட்டது. மக்களின் குறைக்குக் காது கொடுத்த பிறகே இமாம்களின் சொல்லுக்கும் வலு கூடியது.

2010 ஏப்ரலுக்குப் பிறகு, இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் உத்தரப் பிரதேசத்தில் எவரையும் தாக்கவில்லை. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானதே நாட்டின் கடைசி பாதிப்பு. 2014 மார்ச் 27-ல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

2017-ல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, அதே மலட்டு வதந்தி வாட்ஸ்அப் வழியே தமிழகத்திலும் பரவியது. வதந்தி கிளம்பிய பிறகு சமயத் தலைவர்களைத் தேடி ஓடுவதில் பயனில்லை. ஓராண்டு வற்புறுத்தலில் இழந்த நம்பிக்கையை மீட்க ஒரு தலைமுறைக் காலம் ஆனது என்பதே உத்தரப் பிரதேசம் ஆட்சியாளர்களுக்குத் தரும் பாடம்.