சத்தியம் உடைந்த மறுநாள்

ஜூன் 26 நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் நிறம் மாறிவிடும். சர்வதேச போதை ஒழிப்பு தினம். பள்ளிகளில் உறுதிமொழி, கடைவீதியில் ஊர்வலம், பதாகையோடு ஒரு போட்டோ. அது முடிந்த கையோடு ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் விரதம் தொடங்கிவிடுவார்கள். திருத்தணியில் ‘விட்டுவிடுகிறேன்’ என்ற சொல் அதிகம் கேட்கும் பருவம் இது.

போதை என்ன செய்யும் என்றோ, பொன்பாடி சோதனைச் சாவடியில் பைகளை ஏன் துழாவுகிறார்கள் என்றோ வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது வேறொரு குழப்பம். பையனை ‘குரூப் மீட்டிங்’குக்கு அனுப்பச் சொல்கிறார்கள், அங்கே டாக்டர் கிடையாதாம், எல்லாரும் பழைய போதைக்காரர்களாம். சகவாசத்தால் கெட்டவனை மறுபடி அதே மாதிரி ஆட்களிடமா கொண்டுபோய் விடுவது?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல 1935-க்கும் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கும் போக வேண்டும். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் நடக்கவில்லை. ஹோட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து வரும் பேச்சும் சிரிப்பும், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து எண்களைச் சுழற்றி, இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கும் யாரையாவது சந்திக்க முடியுமா என்று கேட்டார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான், குடியை விட்டவர்களின் குழுவான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வில்சன் அந்த டாக்டரைத் திருத்தப் போகவில்லை. அன்றைக்குத் தான் குடிக்காமலிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அதற்காகப் போனார். புதிதாக வருகிறவருக்குப் பழையவர் உதவுகிறார் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் புதியவர்தான் பழையவருக்கு மருந்து. நடுங்கும் கையோடு உள்ளே வருகிறவனைப் பார்க்கும்போது, மூன்று வருடம் முன்பு தான் எப்படி இருந்தோம் என்பது பழையவருக்கு மறக்காமலிருக்கிறது. தான் பிழைத்த கதையை ஒருவனுக்குச் சொல்லச் சொல்ல, சொல்கிறவரின் பிடி இறுகுகிறது. பிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் 1965-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்: உதவி செய்கிறவருக்கே அதிகப் பலன்.

கூட்டத்தின் விதிகளும் இதற்கு ஏற்றபடி இருக்கின்றன. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. ‘நீ இப்படிச் செய்’ என்று உபதேசம் செய்யக் கூடாது. ‘எனக்கு இப்படி ஆனது’ என்று மட்டும் சொல்லலாம். நம் வீடுகளில் போதைக்காரனுக்குக் கிடைப்பது முழுக்க உபதேசம்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். இதற்கு மேல் ‘ஸ்பான்சர்’ என்று ஒரு மூத்த உறுப்பினர் துணைக்கு இருப்பார். ராத்திரி பதினோரு மணிக்குக் கை அரித்தால் அவருக்குப் போன் போடலாம். பழைய கும்பலில் ஒட்டிக்கொண்டிருக்க இழுக்க வேண்டும். இங்கே இழுக்காமலிருந்தால்தான் மதிப்பு. ஆட்களின் வரலாறு ஒன்றுதான் என்றாலும் சகவாசத்தின் விலை தலைகீழ்.

1953-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொடங்கிய ‘நார்கோட்டிக்ஸ் அனானிமஸ்’ போதைப்பொருள்காரர்களுக்கானது. சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புதிதாக வருகிறவருக்கு வெள்ளைச் சாவிவில்லை தருவார்கள். 30 நாள் தாண்டினால் ஆரஞ்சு, 60 நாளுக்குப் பச்சை, 90 நாளுக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கியவர் ஒருநாள் தவறிவிட்டால்? எழுந்து முன்னே போய் மறுபடி வெள்ளையை வாங்கிக்கொள்கிறார். அப்போதும் கைதட்டுகிறார்கள்.

இதை நம்மூர் சத்தியத்தோடு வைத்துப் பாருங்கள். குடி மறக்கக் கையில் கயிறு கட்டுகிறோம், மாலை போடுகிறோம். மாலை கழுத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் தாங்குகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஒன்றரை மாதம் தொடாமலிருப்பது சாதாரணம் இல்லை. ஆனால் நடுவில் தவறிவிட்டால் சாமி குற்றம். மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘போனது போச்சு’ என்று முழுசாக இறங்க வேண்டும். ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியாவது இந்த மனக்கணக்கால்தான் என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களில் விரிவாக எழுதினார். சத்தியத்துக்கு உடைந்த மறுநாள் என்று ஒன்று கிடையாது. வெள்ளை வில்லை அந்த மறுநாளுக்காகவே செய்யப்பட்டது. குறை இல்லாமலும் இல்லை. ஐந்து வருடம் சுத்தமாக இருந்தவர் ஒருநாள் தவறியதற்காக எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது எவ்வளவு கூசும்! அதற்காகவே திரும்பி வராமல் போகிறவர்களும் உண்டு.

அரசின் பக்கம் பார்த்தால், மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15-ல் 272 மாவட்டங்களில் ‘நஷா முக்த் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. இணையத்தில் உறுதிமொழி எடுத்தால் உடனே சான்றிதழ் வருகிறது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதே சாதனை. எத்தனை பேருக்கு உடைந்தது என்று எந்த அறிக்கையிலும் இடமில்லை. சகாக்கள் வழிநடத்தும் தலையீடு என்ற பெயரிலும் அரசுத் திட்டம் இருக்கிறது. அதில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் தங்கள் வயதுப் பிள்ளைகளிடம் போதை பக்கம் போகாதீர்கள் என்று பேசுவார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அது தடுப்பு. மீண்டவர் மீள்பவரைப் பிடித்துக்கொள்வது இதில் வராது. இரண்டையும் ஒரே பெயரில் மேடையில் பேசும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை கிடைத்திருந்தது.

குழுக்கள் மீதும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை, வெளியார் பணத்தைத் தொடுவதில்லை, முழுப்பெயர்கூடக் கேட்பதில்லை. வருகிறவருக்கு இது பாதுகாப்பு. ஆனால் பலனை அளப்பது கடினம். 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வு, 27 ஆராய்ச்சிகளில் 10,565 பேரின் தரவுகளை எடுத்துப் பார்த்தது. குடியை முற்றாக விட்டிருப்பதில் இந்த வழி மற்ற மனநல சிகிச்சைகளுக்குச் சளைத்ததில்லை, சில அளவுகோல்களில் மேல் என்றது. அது குடிக்கு. கஞ்சாவுக்கோ, வலிமாத்திரைக்கோ, ஊசிக்கோ அவ்வளவு வலுவான சான்று இல்லை. ஹெராயின் போன்றவற்றுக்கு டாக்டர்கள் தரும் பியூப்ரநார்ஃபின் மாத்திரையைச் சில குழுக்கள் இன்னொரு போதையாகவே பார்க்கின்றன. அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இதைவிட மோசம், இந்தக் குழுக்களின் பேச்சைக் கடன் வாங்கிப் பூட்டிய கதவுக்குள் நடக்கும் சில ‘மறுவாழ்வு மையங்கள்’. அங்கே மீண்டவர் துணைவராக இல்லாமல் வார்டனாக, கையில் கம்போடு நிற்கிறார். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி போதைச் சிகிச்சை மையத்துக்குப் பதிவு கட்டாயம். பணம் கட்டும் முன் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவமும் குழுவும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம்களை நடத்தியது. ஆஸ்பத்திரியை ஊருக்கே கொண்டுபோனார்கள். ஒரே வட்டாரத்து ஆண்கள் சேர்ந்து சிகிச்சை பெற்று, முகாம் முடிந்தபின் ஒருவரை ஒருவர் தினமும் பார்க்கும் தெருவுக்கே திரும்பினார்கள். அதுவே பாதி வேலை.

மற்ற கேள்விகள்:

குழுவுக்குப் போனாலே போதுமா? குடியையும் தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டர், பிறகு குழு.

இடைவெளிக்குப் பின் மறுபடி எடுத்தால்? உடம்பு பழைய அளவைத் தாங்காது. சாவுகள் பல இப்படித்தான் நடக்கின்றன.

கடவுள் நம்பிக்கை வேண்டுமா? இந்தக் குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அவரவர் புரிந்துகொண்டபடி. கறுப்புச் சட்டைக்காரர் குழுவையே அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

போலீஸ்? உபயோகித்ததாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு உள்ளவர், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால் என்.டி.பி.எஸ். சட்டம் 64ஏ பிரிவு காப்பாற்றும். குழுக் கூட்டம் அந்தச் சிகிச்சைக் கணக்கில் வராது.

வீட்டாருக்கு? குடிப்பவர்களின் குடும்பத்துக்கு அல்-அனான் இருக்கிறது. மகன் வராவிட்டாலும் அம்மா போகலாம்.

யாரைக் கேட்பது? 14446, கட்டணமில்லை.

சின்ன ஊர், எல்லாருக்கும் தெரிந்துவிடுமே? அரக்கோணம் பக்கமோ சென்னைக்கோ ரயிலேறுங்கள், போன் வழிக் கூட்டங்களும் இருக்கின்றன.

எங்கள் தெருவிலேயே ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்? இரண்டு.