தலைமாறி வந்த காற்று

சென்ற மாதம் பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு நிகண்டு வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்காற்றுக்குக் கொண்டல், தென்காற்றுக்குத் தென்றல், மேல்காற்றுக்குக் கோடை, வடகாற்றுக்கு வாடை என நாற்றிசைக்கும் நான்கு பெயர் வகுத்த நம் முன்னோரின் நுட்பத்தை வியந்து, அப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். பின்வரிசையில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, சூறாவளி எந்தத் திசைக் காற்று?" என்று வினவினான். பிள்ளைகள் சிலர் சிரித்தனர். "அது சுழல்காற்று. அதற்குத் திசை இல்லை" என்று விடையிறுத்தேன். மணியும் அடித்துவிட்டமையால் வகுப்பை விட்டு வெளியேறினேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்விடை என்னை உறுத்திற்று. நான் சொன்னது பொய். நான் கண்ட சூறாவளிக்குத் திசை இருந்தது, ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டையும் விழுந்து கிடந்த தென்னைமரங்களில் என் கண்ணாலே வாசித்தவன் நான். வாசித்ததை மறைத்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இக்கட்டுரையை அவ்விடைக்கு ஒரு திருத்தமாகக் கொள்க.

மட்டக்களப்பு நாட்டின் அமைப்பை அறியாதாருக்கு ஒரு சொல். கிழக்கே கடல்; மேற்கே வாவி; இரண்டுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்றிடலை எழுவான்கரை என்போம். வாவிக்கு அப்பால் வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. எழுவான்கரைச் சிற்றூர் ஒன்றிலே, கடலுக்குக் கால்மைல் தூரத்தில், எங்கள் அம்மம்மாவின் வீடு இருந்தது. அம்மம்மாவின் வீடு என்று சொல்வது சும்மா அன்று. எங்கள் பகுதியிலே வீடும் வளவும் பெண்வழிச் செல்வன. ஆடவர் அங்கே வந்து வாழ்பவரே. ஆகவே அவ்வீட்டில் அம்மம்மாவின் சொல்லே சட்டம். ஓரிரவு ஒருவர் மட்டும் அச்சட்டத்தை மீறினார்.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி, வியாழக்கிழமை. கார்த்திகை மாதத்து மாரி. எனக்கு எட்டு வயது. தந்தையார் பெரும்போக வேளாண்மை காரணமாகப் படுவான்கரையிலே வாடியில் தங்கியிருந்தார். வீட்டில் அம்மம்மா, தாயார், நான், என் தங்கையர் இருவர், தாயாரின் இளைய சகோதரராகிய சின்னமாமா என அறுவர் இருந்தோம். சின்னமாமாவுக்கு இருபத்து நான்கு வயது. அவ்வாண்டுதான் சம்மாட்டி ஒருவரிடம் கடன்பட்டு நைலோன் வலை ஒன்று வாங்கியிருந்தார். அதனைக் கடற்கரை வாடியிலே வைத்திருந்தார். வலை வாங்கிய நாள் முதலாக அவர் வாயில் அதனையன்றி வேறு பேச்சில்லை. எத்தனை பாகம், கண் எவ்வளவு அகலம், நனைந்தாற் காய எவ்வளவு நேரம் என்று எட்டு வயதுப் பிள்ளையாகிய எனக்கும் ஒப்புவிப்பார்.

அன்று பகல் முழுவதும் வானம் மங்கிக் கிடந்தது. காற்று விட்டுவிட்டு வீசியது. மாலையிலே அது விடாமல் வீசத் தொடங்கியது. வடக்கிலிருந்துதான் வந்தது. வாடைக் காலத்திலே வடகாற்று வருவது புதுமையன்று. ஆகவே முதலில் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. இருள் சூழ்ந்தபின் அதன் குரல் மாறிற்று. பெருங்காற்றைச் சிங்கம் என்றும் யானை என்றும் உவமிக்கும் செய்யுள்களைப் பின்னாளிலே நிறையப் படித்திருக்கின்றேன். அவற்றைப் பாடியவர் பலர் காற்றைத் திண்ணையில் இருந்து கேட்டவர்களென்றே எண்ணத் தோன்றுகிறது. அன்றிரவு நான் கேட்டதற்கு விலங்கின் குரலோடு ஒப்புமை இல்லை. இடைவெளியே இல்லாத ஒரே ஓசை அது. விலங்கானால் மூச்சு விடுவதற்காவது நிறுத்தும்.

வீட்டிலே அரிக்கன் லாம்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் பெருங்காற்றுக்கு வழங்கும் சொல்லே நம்மவர் வாயில் அரிக்கன் ஆயிற்று என்பதைப் பின்னர் அறிந்து சிரித்தேன். காற்றுக்கு அணையாத விளக்கென்று அப்பெயரை இட்டவர் அன்று எங்கள் வீட்டில் இருந்திருப்பாராயின், வேறு பெயர் தேடியிருப்பார். வடக்கறை ஓடுகள் பறக்கத் தொடங்கியவுடனே அது அணைந்துவிட்டது. அம்மம்மா எங்களைத் தெற்கறைக்கு இழுத்துச் சென்று, பெரிய முதிரைக் கட்டிலின் கீழே தள்ளினார். அங்கே கிடந்தபடி, மரங்கள் முறிவதையும் ஓடுகள் நொறுங்குவதையும் கேட்டோம். தாயார் தேவாரம் சொன்னார் போலும். உதடு அசைவதை மின்னல் ஒளியிலே கண்டேனேயன்றிக் குரல் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அவ்வாறு கிடந்தோம் என்பது தெரியாது. தங்கையர் இருவரும் அழுது களைத்து உறங்கிவிட்டனர்.

பிறகு காற்று நின்றது.

படிப்படியாகக் குறைந்து நிற்கவில்லை; யாரோ கதவை அடைத்தாற்போல நின்றது. காது அடைத்துக்கொண்டது. கூரையிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது; தூரத்தே யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைப்பதும் கேட்டது. நான் கட்டிலின் கீழிருந்து ஊர்ந்து முற்றத்துக்கு ஓடினேன். முகிற் கிழியலூடே ஓரிரண்டு விண்மீன் தெரிந்தன. "மாமா, வெள்ளி தெரியுது!" என்று கூவினேன். அச்சொற்கள் இன்றும் என் காதில் உள்ளன. அயல் வீடுகளிலிருந்தும் மக்கள் வெளியே வந்தனர். ஒருவர் மாட்டைத் தேடிப் போனார். ஒருவர் ஓடு பொறுக்கினார். எல்லாரும் சற்று உரக்கவே பேசினர். தப்பிவிட்டோம் என்னும் மகிழ்ச்சி அது.

சின்னமாமா சாரத்தை மடித்துக் கட்டினார். அம்மம்மா வாசலை மறித்து நின்றார்.

"போகாத மனே. காத்து தலமாறி வரும்."

"எல்லாம் அடங்கிட்டுதும்மா. வலையப் பாத்துப்போட்டு ஒரு நொடியில வாறன்."

"என்ர அம்மா சொன்னவ. தலமாறி வரும்."

சின்னமாமா சிரித்துக்கொண்டே அவரைத் தோளில் தொட்டு விலக்கிவிட்டுப் போனார்.

அம்மம்மாவின் தாயார் இளம்பெண்ணாக இருந்த காலத்திலே, 1907 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மட்டக்களப்பை ஒரு சூறாவளி தாக்கியது. அதற்கும் இதற்கும் இடையே எழுபத்தோராண்டு. அவ்விடைவெளியிலே ஊரிற் பெரும்பாலோர் அதனை மறந்துவிட்டனர். அம்மம்மாவிடம் எஞ்சியிருந்ததும் அந்த ஒரு வாக்கியந்தான். ஏன் தலைமாறும், எப்பொழுது தலைமாறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியா. தெரியாதிருந்தும் அவர் செய்த ஒரு காரியத்தை நான் எண்ணி எண்ணி வியக்கின்றேன். உறங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஓடெல்லாம் பறந்து சேறும் நீருமாய்க் கிடந்த வடக்கறைக்கு எங்களை மாற்றினார். "இந்த ஈரத்திலயா, அம்மா?" என்று தாயார் அழுதார். அம்மம்மா மறுமொழி சொல்லவில்லை. வடக்குச் சுவரோடு எங்களை அணைத்து உட்கார்த்தி, நெல் மூடையொன்றை முன்னே இழுத்து வைத்தார்.

அரிசி உலையில் வேகும் நேரம் கழிந்திருக்கலாம். காற்று தெற்கிலிருந்து வந்தது. முன்னையதற்கு அறிவிப்பாவது இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. வந்த சற்றுநேரத்திற்குள் தெற்குச் சுவர் உள்ளே சாய்ந்து, நாங்கள் கிடந்த முதிரைக் கட்டிலின்மேல் விழுந்தது.

விடிந்தபின் எங்கள் ஊர் எங்களுக்கே தெரியவில்லை. வாவிக்கரையில் நின்று பார்த்தாற் கடல் தெரிந்தது. அதற்கு முன் அவ்வாறு தெரிந்ததில்லை. இடையே தென்னை நின்றது. இப்பொழுது அத்தனை தென்னையும் நிலத்திலே கிடந்தன. எனினும் அவை கண்டபடி கிடக்கவில்லை. முதற்காற்றில் விழுந்தவை தெற்கே தலைவைத்துக் கிடந்தன. தலைமாறிய காற்றில் விழுந்தவை அவற்றின் மேலே, வடக்கே தலைவைத்துக் கிடந்தன. பாய் இழைத்தாற்போல இருந்தது.

சின்னமாமாவை மறுநாள் பிற்பகலிலே கண்டெடுத்தனர். கடற்கரையில் அன்று, வீட்டுக்கு நூறு முழத் தூரத்தில். வலை அவருடைய தோளில் இருந்தது. வாடிக்குப் போய், வலையை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார். மேலே கிடந்த மரத்தை ஊரார் நால்வர் புரட்டினர். அம்மரத்தின் தலை வடக்கே இருந்தது.

தந்தையார் மூன்றாம் நாள் தோணியிலே வாவியைக் கடந்து வந்தார். வழியெல்லாம் மாடுகள் மிதந்தன என்று சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. அச்சூறாவளியால் இலங்கையிலே தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்றும், ஏறத்தாழ 250,000 வீடுகள் சேதமுற்றன என்றும் பின்னர் கணக்கிட்டனர். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையிற் பெரும்பகுதி அழிந்தது. அக்காற்று தீவை ஊடறுத்து, மன்னார்க் குடாவைக் கடந்து, 24 ஆந் திகதி தமிழகத்தின் இராமநாதபுரக் கரையையும் தாக்கிற்று. இவை ஏட்டில் உள்ள செய்திகள். ஏட்டில் இல்லாத செய்தி ஒன்று சொல்வேன். தன் வாழ்நாளிலே தேங்காயை விலைகொடுத்து வாங்கி அறியாத அம்மம்மா, வெளியூரிலிருந்து லொறியில் வந்த தேங்காய்க்காகச் சந்தையிலே வரிசையில் நின்றார். ஒன்றை வாங்கி வந்து, நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வைத்த பிள்ளைகள் காய்க்கப் பல ஆண்டு சென்றன. 2004 டிசம்பரிலே கடல்கோள் வரும்வரை, எங்கள் ஊரார் பிறப்பு, இறப்பு, திருமணம் யாவற்றையும் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றே எண்ணினர்.

உயர்வகுப்பிற் படிக்கும்போது புவியியல் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். பூமியின் வடபாதியிலே சூறாவளி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழலும். மேற்கு நோக்கி நகரும் சூறாவளி ஓரிடத்தை அடையுங்கால் அதன் முன்புறத்தில் வடகாற்று வீசும். நடுவண் கடக்குங்கால் அமைதி நிலவும். பின்புறம் வருங்கால் தென்காற்று வீசும். அந்நடுவணைக் கண் என்பர் என்று விளக்கினார். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டனர். நான் எழுதாது வட்டத்தின் நடுவே அவர் இட்ட புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் நின்று நான் வெள்ளி பார்த்த இடம் அதுவே.

கண் என்னும் சொல் தமிழிலே பரந்த பொருளது. தேங்காய்க்குக் கண் உண்டு. கரும்புக்குக் கண் உண்டு. சின்னமாமா அகலம் அளந்து சொன்ன வலைக்கும் கண் உண்டு. காற்றுக்கும் ஒரு கண் உண்டென்பதை எங்கள் ஊருக்கு அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சூறை என்பதற்குச் சுழல்காற்று என்றும் கொள்ளை என்றும் பொருள். வளி என்பது காற்று. புயல் என்னும் சொல்லோ சங்கச் செய்யுளில் முகிலையும் மழையையும் குறித்து நின்றது. கற்ற நாம் இவற்றைப் பிரித்தும் கூட்டியும் மகிழ்கின்றோம். எங்கள் மீனவர் மேல்காற்றைக் கச்சான் என்பர். கோடை என்றால் அவர்க்கு வெயிற்காலமே. இத்தனை பெயர் வைத்த இருசாராரிடமும் அந்த நடுநேரத்து அமைதிக்கு ஒரு பெயர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெயர் இருந்திருப்பின் சின்னமாமா நின்றிருப்பாரோ என்று என்னை நானே கேட்பதுண்டு. நின்றிருக்கமாட்டார் என்றே சில வேளை தோன்றும், வலை புதியது.

மறுநாள் அவ்வகுப்புக்குச் சென்று இவையெல்லாவற்றையும் சொன்னேன். பாடம் நடக்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கப் பண்டிதர் கதை சொல்லிப் பொழுது போக்கினார் என்று பெற்றோர் எவரேனும் முறையிட்டாலும் இட்டிருக்கலாம். என்னை வினவிய அம்மாணாக்கன் கொப்பியில் நான்கு காற்றுப் பெயர்களுக்குக் கீழே "தலைமாறு காற்று" என எழுதி வைத்திருந்தான். திருத்துவதற்குக் கை எழவில்லை. பின் அவன், "ஐயா, அந்த வலை என்ன ஆனது?" என்று கேட்டான்.

வலை பழுதின்றி இருந்தது. ஒரு கண்ணும் அறுந்திருக்கவில்லை. சம்மாட்டி துக்கத்துக்கு வந்து, அதனைப் பார்த்துவிட்டு, கடனைப் பற்றி ஒன்றும் பேசாது திரும்பிச் சென்றார். சுவர் எழுப்பப் பணம் இல்லாமையால் வளவிலே கிடுகுக் குடிசை ஒன்று கட்டினோம். கிடுகு காற்றிற் பறவாதிருக்க, அம்மம்மா அவ்வலையைக் கூரையின்மேல் விரித்து, நான்கு மூலையிலும் விழுந்த தென்னங்குற்றிகளில் இறுகக் கட்டுவித்தார். அடுத்த மாரி முழுவதும் அதன் கீழேதான் உறங்கினோம்.