கிறீம் தடித்தால் சத்துக் கூடுமா?

குளிர் தொடங்கியதும் எமது வீடுகளில் முதலில் வெடிப்பவை கைகள்தான். உணவகங்களில் கோப்பை கழுவுபவர்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். கடைக்குப் போகிறோம். மாதிரிக்கு வைத்திருப்பதை விரலால் தொட்டு, "இது நல்ல தடிப்பு, சத்துள்ளது" என்று விலை கூடியதை வாங்கி வருகிறோம். அந்தத் தடிப்பு எங்கிருந்து வருகிறது?

கிறீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த பால்மம். காய்ச்சாத பசுப்பாலை விட்டுவைத்தால் கொழுப்பு மேலே திரள்கிறதல்லவா? கிறீமிலும் எண்ணெய்த் துளிகள் அப்படியே மேலே வரப் பார்க்கும். அவற்றை அசையவிடாமல் பிடித்துவைக்க நீரைத் தடிக்கச் செய்கிறார்கள். அதற்குத்தான் பல்பகுதியம், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு.

இது எமக்குப் புதிதல்ல. ஒடியல் கூழைத் தடிக்க வைப்பது மாப்பொருள், அதுவும் பல்பகுதியமே. வெண்டிக்காயை வெட்டும்போது நூலாக இழுபடும் பசையும் அந்த இனந்தான். ஆனால் கூழ் தடிக்கிறதே தவிர வெண்டிக்காய்போல நூல் ஓடுவதில்லை. தடிப்பு வேறு, இழுவை வேறு.

கிறீம்களில் அதிகம் காணப்படுவது கார்போமர். நூறு கிராமுக்குப் பெரும்பாலும் அரைக் கிராமுக்கும் குறைவாகவே சேர்ப்பார்கள். காரம் சேர்ந்ததும் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளி, நீரை ஏற்று ஊதிப் பெருக்கின்றன. இரு விரலிடையே இழுத்தால் சட்டென்று அறும். உப்புத்தான் இதற்குப் பகை. கார்போமர் சேர்ந்த தலைமயிர் ஜெல்லில் சிட்டிகை உப்புத் தூவிப் பாருங்கள், இளகி ஓடும். தோலின் வியர்வை உப்புப் பட்டு இளகுவதாலேயே அத்தகைய கிறீம் பூசியதும் நீர்போலப் பரவுகிறது. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டும் கூட!

சாந்தன் பசை, பக்டீரியாவைக் கொண்டு சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறுவது. உப்புக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் கூடிவிட்டால் வெண்டிக்காய்போல நூலோடும். அதனால் இரண்டையும் அளவோடு கலப்பவர்களும் உண்டு.

ஆக, விரலில் நாம் உணரும் தடிப்பில் பெரும்பங்கு இந்த அரைக் கிராமின் வேலையாக இருக்கலாம். வெடித்த கைக்கு வேண்டியது நீரை ஈர்க்கும் கிளிசரினும், நீர் வெளியேறாமல் மூடும் வாசலின் வகையும். பொருட்பட்டியலில் அதிகமுள்ளது முதலில் வரும். நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தவை கடைசியில் எப்படியும் வரலாம். கிளிசரின் முன்னுக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம். மலிவான வாசலினை இரவில் பூசிப் பருத்திக் கையுறை போட்டுப் படுப்பதும் நல்லது. பிசுபிசுப்புத்தான், என்ன செய்வது! வெடிப்பில் இரத்தம் கசிந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.