ஸ்டோருக்குக் கொன்வேயர் வாங்கும் முன்



கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டு ஸ்டோர் மாடிப்படி ஏறியவர்களுக்கு அந்த வேலையின் பாரம் தெரியும். இப்போது பல ஸ்டோர்களில் அந்தப் பாரத்தைக் கொன்வேயர் சுமக்கிறது. இன்னும் சில இடங்களில் புதிதாக வாங்கப் பேச்சு நடக்கிறது. "மெசின் வாங்குவது துரைமார் வேலை, நமக்கு எதுக்கு அந்தக் கதை?" என்று சிலர் கேட்பாங்க. காசு கொடுப்பது கொம்பனிதான். ஆனால் ராவும் பகலும் அதன் பக்கத்தில் நிற்கப் போவது நம்ம ஆட்கள். பூட்டி முடிந்த பிறகு ஒரு கொன்வேயரை மாற்றுவது லேசான காரியம் இல்லை. அதனால் கேட்க வேண்டியதை வாங்கும் முன்னமே கேட்க வேண்டும்.

கொன்வேயர் என்றால் ஓடுகிற ரப்பர் பெல்ட் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டிரையருக்குள்ளே தட்டுகள் சங்கிலியில் கோர்த்தபடி ஊர்ந்து போகின்றனவே, அதுவும் கொன்வேயர்தான். அந்தக் காலத்தில் சில தோட்டங்களில் மேல்மலையில் இருந்து கொழுந்துச் சாக்கை இரும்புக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு இறக்குவார்கள். மோட்டர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சாக்கின் பாரமே அதை இழுத்துக்கொண்டு வரும். இன்றைய மெசின் விற்பவர்கள் இதைப் போல மலிவான ஒன்றைக் காட்டப் போவதில்லை!

முதலில் பார்க்க வேண்டியது, எதைத் தூக்கப் போகிறது என்பதுதான். ஒரே ஸ்டோருக்குள்ளே தேயிலை மூன்று குணம் காட்டுகிறது. பச்சைக் கொழுந்து நசுங்கக் கூடாது. நசுங்கினால் வாடுவதற்கு முன்பே சிவக்கத் தொடங்கி, தேயிலையின் தரம் கெட்டுப் போகும். அதனால்தான் பல ஸ்டோர்களில் பச்சைக் கொழுந்துக்கு மொனோரெயில் போடுகிறார்கள். கூரைக்குக் கீழே ஒரு தண்டவாளம், அதில் தொங்கும் சாக்குகள், அவற்றை இழுக்க ஒரு சங்கிலி. கொழுந்து கொட்டுப்படாமல், உரசுப்படாமல் வாட்டும் தொட்டி வரைக்கும் தொங்கிக்கொண்டே போய்ச் சேரும்.

ரோலரில் அரைபட்டு வந்த கொழுந்து வேறு மாதிரி. ஈரம், பிசுபிசுப்பு. அதற்குத் தட்டையான பெல்ட் சரி. ஆனால் சாறு ஒட்டிக்கொள்ளும். கழுவாமல் விட்டால் நேற்றைய தூள் புளித்து இன்றைய தேயிலையில் கலக்கும். ஆகவே உணவுப் பொருளுக்கென்று செய்த பெல்ட்தானா, சுலபமாகத் தேய்த்துக் கழுவ முடியுமா என்று பார்க்க வேண்டும். மலிவு விலைக் கறுப்பு ரப்பர் பெல்ட் வாடை அடிக்கும். தேயிலையோ பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் சாமான்.

டிரையரால் வெளியே வந்த தேயிலை மொறுமொறுவென்று இருக்கும். அதைத் தூக்கித் தூக்கிப் போட்டால் உடைந்து தூளாகும். அதிகம் உரசினால் கறுப்பு நிறம் போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். விலையும் இறங்கும். அதற்கு மெதுவாக அதிர்ந்து நகர்த்தும் தட்டுக் கொன்வேயர் நல்லது. திருகாணி போலச் சுழன்று தள்ளும் வகையை மரத்தூளுக்கு வைத்துக்கொள்ளலாம், தேயிலைக்குக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது அளவு. இங்கேதான் அநேகமாகக் கணக்குப் பிழைக்கிறது. ஒரு ஸ்டோருக்கு நாளைக்கு 12,000 கிலோ கொழுந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 1,500 கிலோ. "இதற்குச் சின்ன கொன்வேயர் போதும்" என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் கொழுந்து அப்படியா வருகிறது? மூன்று நிறுவையாக வருகிறது. அந்தி நிறுவைக்கு மட்டும் 5,000 கிலோ ஒரேயடியாக லொறியில் வந்து இறங்கினால், அந்தச் சின்ன கொன்வேயர் அதை ஏற்றி முடிக்க 3 மணித்தியாலமும் 20 நிமிடமும் எடுக்கும். அதுவரை சாக்குக்குள் இருக்கிற கொழுந்து சூடேறும். கையை உள்ளே விட்டுப் பார்த்தாலே தெரியும். பெல்ட்டின் ஒரு மீற்றரில் 4 கிலோ கொழுந்து, நிமிடத்துக்கு 15 மீற்றர் ஓட்டம் என்றால் நிமிடத்துக்கு 60 கிலோ, மணிக்கு 3,600 கிலோ. அதே 5,000 கிலோ ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கூட்டமான நேரத்துக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். வேகத்தை மட்டும் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்வாங்க, அது கைக்கு ஆபத்து. பெல்ட்டை அகலமாக்குவது நல்லது.

நம்ம பழைய ஸ்டோர்கள் மாடி மாடியாக உயர்ந்தவை. அதனால் சரிவையும் பார்க்க வேண்டும். வழுவழுப்பான பெல்ட் 10 அடி தூரத்துக்குச் சுமார் 3½ அடிதான் ஏறலாம். அதற்கு மேல் செங்குத்தானால் கொழுந்து சறுக்கிக் கீழே வரும். 12 அடி உயரம் ஏற 35 அடி நீளத் தரை வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் குறுக்குத் தடுப்பு வைத்த பெல்ட் வாங்க வேண்டும், அல்லது மொனோரெயில் போட வேண்டும்.

இனி முக்கியமான விசயம். கொன்வேயர் கையைப் பிடிக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: பெல்ட் போய் உருளையில் சுற்றும் முனை, சங்கிலி பல்சக்கரத்தில் ஏறும் இடம், பெல்ட்டின் அடிப்பக்கம் திரும்பி வரும் உருளைகள். ஒட்டியிருக்கும் கொழுந்தை ஓடும்போதே வழிக்கப் போய்த்தான் விரல் போகிறது. சேலை முந்தானை, தொங்கும் பின்னல், சாரத்தின் நுனி, கழுத்துச் சங்கிலி எதையும் அது விடாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி மெசினின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு இருக்க வேண்டும். மறைப்பு இருந்தும், கழுவுவதற்காகத் தினமும் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு கிழமையில் அது மூலையில் கிடக்கும். இது நாம் எத்தனையோ இடத்தில் பார்த்த கதை. ஆகவே கழற்றாமலே கழுவக்கூடிய விதமாக மறைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிறுத்தும் சுவிச் ஒரு முனையில் மட்டும் இருந்தால் பிரயோசனம் இல்லை. பெல்ட்டின் நீளத்துக்கும் ஒரு கயிறு ஓட வேண்டும். எங்கே நின்று இழுத்தாலும் மெசின் நிற்க வேண்டும். கீழே சுவிச் போடுகிறவருக்கு மேல்மாடியில் யார் நிற்கிறார் என்று தெரியாது. அதனால் ஓடத் தொடங்கும் முன் மணி அடிக்க வேண்டும். கழுவும்போது சுவிச்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுவுகிறவரே மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் விசயத்தையும் மறக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது நமக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் போனதும் பெல்ட் நின்றுவிடும், "நின்றுதானே கிடக்கு" என்று யாராவது கையை விடுவார்கள். கரண்ட் திரும்பி வரும்போது மெசின் தானாக ஓடக் கூடாது. ஆள் போய் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். இந்த வசதி இல்லாத மெசினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதே நமது கருத்து.

அப்புறம், பேர். கொன்வேயர் வந்தால் சாக்குத் தூக்கின நாலு பேருக்கு என்ன வேலை? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் இல்லாத நிரந்தரத் தொழிலாளியை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆனால் வேலையை நிறுத்தாமல் ஸ்டோரில் இருந்து மலைக்கு மாற்றிவிடவும் கூடும். முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு அது சின்ன விசயம் இல்லை. யார் யாருக்கு எந்த வேலை, புது மெசினில் யாரைப் பழக்குவது என்பதை மெசின் வரும் முன் தலைவர்மார் நிர்வாகத்துடன் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழக்குகிறவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். பட்டனை அழுத்த ஆண் பிள்ளைதான் வேண்டும் என்று எந்த மெசினும் கேட்பதில்லை.

கடைசியாக, ஓட்டிப் பார்ப்பது. விற்பவர்கள் வெயில் நாளில், காய்ந்த கொழுந்தைப் போட்டுக் காட்டுவாங்க. அழகாக ஓடும். நம்ம தோட்டத்துக் கொழுந்தை, மழையில் நனைந்ததை, அந்தி நிறுவை அளவுக்குப் போட்டு ஓட்டச் சொல்லுங்க. ஈரக் கொழுந்து பாரம் கூட, சறுக்கும், ஒட்டும். பாதியில் ஒருவர் கயிற்றை இழுக்கட்டும், பெல்ட் எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று அளந்து பாருங்க. பெல்ட் அறுந்தால் ஒட்டித் தர ஹட்டனிலோ கண்டியிலோ ஆள் உண்டா, கொழும்பில் இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதையும் அன்றைக்கே கேட்டு வையுங்கள். காத்திருக்கிற நாளில் சாக்கு மறுபடியும் தோளுக்குத்தான் வரும்.