வானூர்தியின் படுக்கை ஆசனம்

மாணவர்களே, வர்த்தக வகுப்பு ஆசனத்தின் ஆளியை அழுத்தினால் அது படுக்கையாகும். (எனக்கு அதில் பயணிக்கக் கிடைத்ததில்லை, விளங்கிக்கொள்ள அது தேவையுமில்லை.) சிறிய மின்மோட்டர் ஒரு திருகுத் தண்டைச் சுழற்ற, அதிலுள்ள சுரை முன்பின்னாக நகரும். அதாவது, சுழற்சி இயக்கம் நேர்கோட்டு இயக்கமாக மாறுகிறது. அவ்வியக்கத்தால் முதுகுத்தாங்கி சாயும், இருக்கை முன்னே நகரும், கால்தாங்கி உயரும். மின் தடைப்பட்டால் கையால் விடுவிக்கவும் வழியுண்டு.

பலர் தவறுவது கோணத்தில்தான். முதுகுத்தாங்கிக்கும் இருக்கைக்கும் இடையில் 180 பாகை எனில் ஆசனம் நேராகியுள்ளது என்பதே பொருள், கிடையாகியுள்ளது என்பதல்ல. ஆகவே விடையில் எதனுடன் ஆக்கும் கோணம் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுக. 2000களில் பல விமான நிறுவனங்கள் பொருத்திய ஆசனங்கள் நேராகியும் தரைக்குச் சரிவாகவே நின்றன. பயணியின் கால் முன் ஆசனத்தின் கீழ்ப்புறமாகத் தாழ்ந்ததால் இடம் மிச்சமாயிற்று. ஆனால் சாய்தளத்தில் உராய்வு போதாவிட்டால் பொருள் வழுக்குமல்லவா? உறங்கிய பயணிகளும் அவ்வாறே கீழ்நோக்கி வழுக்கினர்.

பிரிட்டிஷ் எயார்வேஸ் 2000 இல் தனது வர்த்தக வகுப்பில் முழுக் கிடையான ஆசனத்தை அறிமுகப்படுத்தியது. இடத்தைச் சேமிக்க அடுத்தடுத்த ஆசனங்களை எதிரெதிர்த் திசையில் அமைத்தது: ஒருவரின் அகன்ற தோளருகே மற்றவரின் ஒடுங்கிய கால்.